அரக்கு: புடவையில் நிறம், கதவில் பளபளப்பு

(ஒலிவடிவில் வந்த பேச்சு, படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது.)

இந்த முறை நாம பேசப்போறது மரத்தைப் பற்றி. மரத்துக்கு ஸ்டெயின் அடிக்கிறதும் பிரைமர் அடிக்கிறதும் எங்கிருந்து வந்தது, அதுல எது நம்ம வீட்டுக்குள்ள என்னத்தைக் கொண்டுவந்தது என்பதுதான் கதை. ஆனால் கதையைத் தச்சுப் பட்டறையில் தொடங்கப் போவதில்லை. ஆரணியில் தொடங்கலாம்.

பட்டு ஊரில் மரத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் ஒரே ஒரு சொல்தான்: அரக்கு. பட்டுக்கடையில் போய் "அரக்குக் கலர்ல காட்டுங்க" என்று சொன்னால், கருஞ்சிவப்பில் நாலு புடவை பிரித்துப் போடுவார்கள். அதே சொல்லைப் பாலிஷ் போடுகிறவரிடம் சொன்னால், அவல் மாதிரி சில்லு சில்லாக, தேன் நிறத்தில் ஒரு பிசினை எடுத்துக் காட்டுவார். ஒரு கடையில் அது நிறம். இன்னொரு கடையில் அது பூச்சு. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது தற்செயல் இல்லை.

உள்ளே போவது, மேலே நிற்பது

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெயின் என்பது மரத்துக்குச் சாயம். அது மரத்தின் நாருக்குள் இறங்கும். இறங்கிய பிறகும் மரத்தின் ரேகை தெரியும், சொல்லப்போனால் முன்பைவிட எடுப்பாகத் தெரியும். பிரைமர் அப்படி இல்லை. அது மரத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் நிற்கிற அடிப்பூச்சு. மரத்தின் துளைகளை அடைக்கும், மேலே வரும் பெயின்ட் பிடித்து நிற்க இடம் கொடுக்கும், மரம் பெயின்ட்டைக் குடித்துவிடாமல் தடுக்கும். ரேகை மறைந்துவிடும். ஸ்டெயின் அடித்தால் அதற்கு மேல் சீலர், பாலிஷ் அல்லது வார்னிஷ். பிரைமர் அடித்தால் அதற்கு மேல் பட்டி பார்த்து, எனாமல். இரண்டும் இரண்டு பாதை. பிரைமர் அடித்த மரத்துக்கு அப்புறம் மனசு மாறி ஸ்டெயின் அடிக்க முடியாது, ஏன்னா சாயம் இறங்குகிற வாசலையே அடைத்தாச்சு.

பட்டு நெய்கிற ஊரில் இதை விளக்குவது சுலபம். கூட்டிலிருந்து எடுத்த பட்டு நூலின் மேல் செரிசின் என்று ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் சாயம் ஒழுங்காக ஏறும். அப்படி எடுக்கும்போது நூலின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். அது நஷ்டம் இல்லை, சாயத்துக்கு வழி விடுவது. மரத்திலும் அதே கணக்குதான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. மூட்டுகளில் வழிந்த பசையைத் துடைக்காமல் விட்டிருந்தால், அந்த இடம் மட்டும் ஸ்டெயினைக் குடிக்காமல் வெளிறித் திட்டாக நிற்கும். உப்புத்தாள் போட்டு நாரைத் திறந்துவிட்டால்தான் நிறம் சீராக இறங்கும்.

பிரைமருக்கும் தறியில் ஒரு சொந்தக்காரன் உண்டு. கஞ்சி. பாவு நூலைக் கஞ்சித்தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால், நூலுக்கு ஒரு விறைப்பு வரும், சிலும்பு அடங்கும், தறியில் உரசும்போது அறுந்துபோகாது. ஆரணிக்கு இரண்டு பெயர், ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. இரண்டும் பாவில் சந்திக்கின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கஞ்சி தண்ணீரில் போய்விடும். பிரைமர் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கணும். தறியே மரம்தான். படமரம், மிதிகட்டை, நாடா எல்லாம் மரம். ஆனால் பட்டு நூல் உரசுகிற இடத்தில் மரத்துக்கு நிறம் கொடுப்பது ஆபத்தான வேலை. ஈரம் பட்டு ஸ்டெயின் கசிந்தாலோ, பெயின்ட் செதில் செதிலாக உரிந்து வந்தாலோ, பல நாள் உழைப்பில் வந்த புடவை கறைபட்டுப் போகும். நூலும் கையும் உரசி உரசி வழவழப்பாவதே அந்த மரத்துக்குப் போதுமான பாலிஷ். மரத்துக்கு எந்தப் பூச்சு என்று கேட்பதற்கு முன், அந்த மரம் எதைத் தொடப்போகிறது என்று கேட்கணும் என்பதற்குத் தறியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒரே பூச்சி, இரண்டு சரக்கு

இப்போ அரக்குக்கு வருவோம். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழ்கிற சின்னஞ்சிறு பூச்சி ஒன்று இருக்கிறது. அது சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றி ஒரு பிசின் கூட்டைக் கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பூச்சிகள் நெருக்கியடித்து இருப்பதால், கிளை முழுக்க ஓடு மாதிரி மூடிக்கொள்ளும். அதுதான் அரக்கு. இந்தியாவில் இன்றும் இது அதிகம் விளைவது ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளில்.

அந்தக் கிளையிலிருந்து அரக்கைச் சுரண்டி எடுத்து, நொறுக்கி, தண்ணீரில் அலசுவார்கள். அலசின தண்ணீர் சிவப்பாக வரும். அது சாயம். பட்டுக்கும் கம்பளிக்கும் ஏறும். படிகாரம் சேர்த்துத் தோய்த்தால் நிலைத்து நிற்கும். அலசி மிச்சம் இருக்கிற குருணையை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் அவல் மாதிரி சில்லு கிடைக்கும். அது பிசின். மரத்துக்கு மெருகு. ஆக ஒரே பூச்சியிலிருந்து துணிக்கு நிறமும் மரத்துக்குப் பளபளப்பும் கிடைத்தன. தமிழில் ஒரு சொல் இரண்டுக்கும் நின்றதில் ஆச்சரியம் என்ன?

அரக்கை மரத்தில் ஏற்றும் பழைய முறை நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு, கர்நாடகத்தில் சென்னபட்டணத்துப் பொம்மை, ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்கா. மூன்றிலும் வேலை ஒன்றுதான். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும். நிறம் கலந்த அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். தாழை ஓலையால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். நிறமும் காப்பும் ஒரே வீச்சில் முடிந்துவிடும். ஸ்டெயின் தனி, பிரைமர் தனி, மேல்பூச்சு தனி என்ற பேச்சே அங்கே இல்லை.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் இந்தச் சரக்குக்குக் கப்பல் ஏறும் யோகம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்தில் அரக்குச் சாயம் லண்டன் சந்தைக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து வந்த கோச்சினீல் என்ற விலையுயர்ந்த சிவப்புக்கு மலிவான மாற்றாக அது விற்றது. அப்போது சாயம்தான் முக்கியச் சரக்கு, பிசின் பக்கத்துச் சரக்கு. ஆனால் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு புது நாகரிகம் பரவியது. பிசினைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து, மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. நூறு தடவை தேய்த்தால் மேசையில் முகம் தெரியும். இதற்குத்தான் பிரெஞ்ச் பாலிஷ் என்று பெயர். சரக்கு நம்ம காட்டுப் பூச்சியுடையது, பெயர் மட்டும் பிரெஞ்சு.

1856: சாயமும் பூச்சும் பிரிந்த வருடம்

அப்புறம் 1856 வந்தது. லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன், மலேரியாவுக்கான குவினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றான். மருந்து வரவில்லை. குடுவையின் அடியில் ஒரு கரிய கசடு தங்கியது. அதைச் சாராயத்தில் கரைத்தபோது ஊதா நிறம் வந்தது. அவன் அதை எதில் தோய்த்துப் பார்த்தான் தெரியுமா? பட்டில்தான். நிறம் அழகாக ஏறியது, வெயிலிலும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து நிறம் எடுக்கும் தொழில் அங்கே பிறந்தது.

அடுத்த முப்பது நாற்பது வருடங்களில் வரிசையாக வந்தன. 1868-ல் சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினை ஜெர்மனியில் செயற்கையாக உருவாக்கினார்கள். 1897-ல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அரக்குச் சாயத்துக்கும் சந்தை சரிந்தது. இங்கேதான் கதை தலைகீழாகத் திரும்புகிறது. முன்பு சாயத்துக்காக அரக்கை அலசினார்கள், இப்போ பிசினைச் சுத்தம் செய்வதற்காக அலசினார்கள். சிவப்புத் தண்ணீர் கழிவாகப் போனது. பிசினோ கிராமபோன் தட்டு வந்த பிறகு இன்னும் பெரிய சரக்கானது. 1950-களில் பிளாஸ்டிக் தட்டு பரவும்வரை பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில்தான் வந்தன. இந்தத் தொழிலுக்காகவே 1924-ல் ராஞ்சி பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

பட்டுக்கு வந்த அதே தார்ச் சாயங்கள் மரத்துக்கும் வந்தன. தண்ணீரில் கரைவது ஒரு வகை, சாராயத்தில் கரைவது இன்னொரு வகை. இன்று கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கிற ஸ்டெயினுக்கு மூதாதை அதுதான். அதற்கு முன்பு மரத்துக்கு நிறம் ஏற்றுவதும் நாட்டுச் சாயத்தொழில் மாதிரியே இருந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. துணியில் கலம்காரிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். துவர்ப்பு உள்ள மரத்தில் இரும்புக் கரைசலைத் தடவினாலும் அதே கறுப்பு வரும். ஈரமான வாசல் கதவில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை படிந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதுவும் இதே ரசாயனம்தான், யாரும் கேட்காமல் நடந்தது.

இதில் நல்லதும் உண்டு. தார்ச் சாயம் வந்ததால், அரசர்கள் மட்டும் கட்டின ஊதா சாதாரண வீட்டுக்கும் வந்தது. மரத்திலும் அப்படித்தான். ஈட்டி வாங்க முடியாதவர் வேம்பிலோ ரப்பர் மரத்திலோ ஈட்டி நிறம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அங்கேயே பிறந்தது: இது மரத்தின் நிறமா, பாட்டிலின் நிறமா? பதில் தெரியணும்னா கட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்க. சாயம் படாத இடம் பொய் சொல்லாது.

பலகைக்குப் போட்ட அடி

சரி, பிரைமர்? அதுவும் நமக்குப் புதிதில்லை. ஆரணி பல தலைமுறைகள் மராத்திய ஜாகீராக இருந்த ஊர். அதே மராத்தியர் 1676 முதல் 1855 வரை தஞ்சாவூரில் அரசாண்டார்கள். அவர்கள் காலத்தில் தழைத்ததுதான் தஞ்சாவூர் ஓவியம். தமிழில் அதற்குப் பலகைப் படம் என்று பெயர். பெயரிலேயே மரம் இருக்கிறது.

அந்தப் பலகையை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று பாருங்கள். பலாப் பலகையின் மேல் துணியை ஒட்டுவார்கள். சுண்ணாம்புக்கல் பொடியைப் பசையோடு, புளியங்கொட்டைப் பசையும் உண்டு, குழைத்து அதன் மேல் பூசுவார்கள். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். அதற்கப்புறம்தான் கோடு, கல், தங்க ரேக்கு, வண்ணம் எல்லாம். இன்றைய பெயின்டர் பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போடுகிறாரே, அதே வரிசை. நடுவில் இருக்கும் துணி எதற்கு? மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த அசைவு வண்ணத்தைப் பிளந்துவிடாமல் துணி தாங்கிக்கொள்ளும். நல்ல அடிப்பூச்சின் வேலையே இதுதான்: மரம் அசையும், மேலே இருப்பது அசையக்கூடாது.

பிங்க் நிறம் எங்கிருந்து வந்தது?

பலகைப் படத்தின் அடியில் இருந்தது சுண்ணாம்பு. ஐரோப்பியப் பெயின்ட்டின் அடியில் இருந்தது ஈயம். இங்கேதான் நம்ம கதை கனமாகிறது.

கடையில் மரத்துக்கான பிரைமர் கேட்டால் இன்றும் வெள்ளை, பிங்க் என்று இரண்டு நிறம் சொல்வார்கள். அந்த பிங்க் ஏன்? பழைய ஆங்கிலேயப் பெயின்டர்கள் ஈய வெள்ளையை ஆளி விதை எண்ணெயில் குழைத்து, அதில் கொஞ்சம் சிவப்பு ஈயம் சேர்த்துத்தான் மரத்துக்கு அடிப்பூச்சு செய்தார்கள். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் பிங்க். சரக்காகப் பார்த்தால் அருமையான சரக்கு. எண்ணெயைச் சீக்கிரம் உலர்த்தும், மரத்தோடு சேர்ந்து நெளிந்து கொடுக்கும், ஈரத்தைத் தாங்கும். பிறகு ஈயத்தை எடுத்துவிட்டு வேறு பொருள் போட்ட பிறகும், வாங்குகிறவர்களுக்குப் பழகிய நிறம் என்று பிங்க் மட்டும் தங்கிவிட்டது.

ஈயம் விஷம் என்பது உலகத்துக்குத் தெரியாமல் இல்லை. 1921-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, பெயின்ட் வேலையில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தத் தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா 1978-ல் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது. இந்தியாவில் கட்டாய விதி வந்தது 2016 நவம்பரில். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அந்த விதிப்படி வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது, டப்பாவில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். நடுவில் போன வருடங்களைக் கணக்குப் போடுங்க. அந்த வருடங்களில் நம்ம வீட்டுக் கதவுகளுக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்திருப்போம்?

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே அளவு உள்ளே போனால், பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும். மூளை வளர்ச்சியைத் தொடும். போனது திரும்பி வராது.

அதற்காகப் பழசெல்லாம் அமுதம், புதுசெல்லாம் விஷம் என்று கணக்குப் போடவும் வேண்டாம். பழைய காலத்து வண்ணங்களில் மஞ்சளுக்கு அரிதாரம் உண்டு, அது ஆர்சனிக். சிவப்புக்குச் சாதிலிங்கம் உண்டு, அது பாதரசம். அரக்குப் பிசின் மட்டும் மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் போகிற அளவுக்குச் சாது. அதில் கலக்கிற நிறம் எது என்பதைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

பழைய கதவை என்ன செய்யலாம்?

நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதே கூடத்தில் குழந்தை தவழும், அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அந்த வீட்டில் கதவு புதுப்பிக்கிறோம் என்று பழைய எனாமலை உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்தால், அந்தத் தூள் எங்கே போகும்? தரையில், பாயில், குழந்தையின் கையில், கையிலிருந்து வாயில். கஞ்சி மாதிரி தண்ணீரில் போய்விடுகிற சரக்கு இல்லை இது. வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும் என்று சொன்னேனே, அது இதுதான்.

ஆகவே, 2017-க்கு முன் அடித்த பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம், மேலேயே புதுப் பூச்சு போடலாம். உரிந்திருந்தால், நனைத்துத்தான் தேய்க்கணும். தீ வைத்துக் காய்ச்சி உரிக்கக்கூடாது, ஈயம் புகையாக வரும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, வேலை முடிந்ததும் சுருட்டி அப்புறப்படுத்துங்கள். துடைப்பம் போட்டுப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்த இரண்டு நாளுக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். தேய்க்கிறவர் முகத்துக்கு நல்ல மாஸ்க் போடட்டும், அவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கும்.

புது மரம் என்றால் யோசனை சுலபம். மழையும் வெயிலும் அடிக்கிற வாசல் கதவு, ரேகை அழகில்லாத மரம், ஒட்டுப் போட்ட மரம் இவற்றுக்குப் பிரைமரும் எனாமலும் நியாயம். கதவின் கீழ் விளிம்பை மறக்காதீங்க, குறுக்கே அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும், கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அங்கேதான் பிரஷ் போவதில்லை. வீட்டுக்குள் இருக்கிற நல்ல தேக்கு, பலா, பூவரசு என்றால் ஸ்டெயின் கொஞ்சமாகவும் பாலிஷ் நிறையவும் போதும். ஸ்டெயினை முதலில் துண்டுக் கட்டையில் அடித்துக் காயவைத்துப் பாருங்கள். சாயத்தொட்டியில் நூலை இறக்குவதற்கு முன் ஒரு கண்ணி நனைத்துப் பார்ப்பது போல. மேலே அரக்குப் பாலிஷ் போட்டால் சூடான டம்ளர் வைத்த இடம் வெள்ளையாகப் பூக்கும். ஆனால் அது தேய்ந்தால் அதே அரக்கை மறுபடி தேய்த்து ஏற்றிவிடலாம், பழசைச் சுரண்டி எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

அடுத்த முறை பெயின்ட் கடையில் நிற்கும்போது நிறப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் டப்பாவைத் திருப்பி, ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். 90 என்ற எண் அங்கே இருக்கணும். புடவைக்குச் சாயம் போகுமா என்று கேட்காமல் நம்ம வீட்டில் யாரும் பட்டு வாங்குவதில்லை. கதவுக்கும் அந்த ஒரு கேள்வியைக் கேட்போம்.